விடியற்காலை 4 மணியும் 15 லிட்டர் கீசரும்

மதுரையில் நாள் வாடகைக்கு அறை விடுகிறவரை விடியற்காலை 4 மணிக்குத் தொலைபேசி எழுப்பினால், விஷயம் அநேகமாக வெந்நீர்தான். மீனாட்சியம்மன் கோயில் நடை 5 மணிக்குத் திறக்கிறது. அதற்குள் குளித்துக் கிளம்ப வேண்டுமென்று குடும்பம் மொத்தமும் ஒரே நேரத்தில் எழுந்துகொள்ளும்.

எங்கள் வீட்டு மாடி அறைகளை வாடகைக்கு விடத் தொடங்கிய முதல் வருடம், இந்தப் புகார் வந்தபோதெல்லாம் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். "கீசர் நன்றாகத்தானே இருக்கிறது, அக்கா" என்று சொல்லிவிட்டு, வந்ததற்குக் கூலி வாங்கிக்கொண்டு போவார். மூன்றாவது தடவைதான் எனக்கு உறைத்தது. அறை காலியாக இருந்த ஒரு நாள் பக்கெட்டும் கடிகாரமுமாக நானே உட்கார்ந்தேன். 15 லிட்டர் தொட்டி, 2 கிலோவாட். தண்ணீர் நன்றாகச் சூடேற 15 முதல் 20 நிமிடம் பிடித்தது. பாதிக்குப் பாதி பச்சைத் தண்ணீர் விட்டு விளாவினால் இரண்டு பேர் குளிக்கலாம். மூன்றாமவர் காத்திருக்க வேண்டும். ஆறு பேர் தங்கலாம் என்று விளம்பரத்தில் போட்டிருந்ததோ நான்!

இப்போது 25 லிட்டர் கீசர் இருக்கிறது. அறைக்கு நான்கு பேர்தான். முந்தின இரவே ஒரு செய்தி அனுப்பிவிடுகிறேன்: சுவிட்ச் குளியலறைக்கு வெளியே, கதவுக்கு இடப்பக்கம், முதல் ஆள் குளிப்பதற்கு அரை மணி முன்பு போடுங்கள். போர் தண்ணீரின் உப்பு கீசரின் சுருளில் பொருக்காகப் படிந்து சூடேறுவதைத் தாமதப்படுத்தும். அதை வருடத்துக்கு ஒரு முறை கழற்றிச் சுரண்ட வேண்டும்.

அந்த உப்பைப் பற்றியே தனிப் புகார் வரும். கோவையிலிருந்து வந்த ஒருவர் சிறுவாணித் தண்ணீரில் குளித்துப் பழகியவர். "சோப்பு நுரைக்கவே இல்லை" என்று மனம் நொந்துபோனார். எங்கள் நிலத்தடி நீரை நான் எப்படி மாற்றுவது? ஆனால் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். அன்றைக்கே அறை விவரத்தில் ஒரு வரி சேர்த்தேன்: குளிக்க போர் தண்ணீர், சற்று உப்பு, குடிக்க கேன் தண்ணீர் உண்டு. இதைப் படித்துவிட்டு வேறு இடம் தேடிப் போகிறவர்களும் இருப்பார்கள். போகட்டும்.

ஏசி புகார் சித்திரையில் உச்சத்துக்குப் போகும். அழகர் ஆற்றில் இறங்கும் நாட்களில் வாடகையை ஏற்றியிருப்போம். கூடுதலாகக் கொடுத்தவருக்குப் பொறுமை குறைவாகத்தான் இருக்கும், அதில் நியாயமும் உண்டு. பகலெல்லாம் காய்ந்த மொட்டை மாடி இரவு வெகு நேரம் வரை அறைக்குள் அனலை இறக்கும். விருந்தினர் ரிமோட்டில் 16 வைத்திருப்பார். 24 வைத்ததைவிட அறை சீக்கிரம் குளிர்ந்துவிடாது, மின்கட்டணம்தான் ஏறும். இந்தப் பாடத்தை மட்டும் தொலைபேசியில் எடுத்துவிடாதீர்கள், வாய்ச் சண்டையில்தான் முடியும். நேரில் போய், ஃபில்டரைக் கழற்றி அவர்கள் கண்முன்னே கழுவி மாட்டுங்கள். பாதிக் கோபம் அந்தத் தண்ணீரோடு போய்விடும். "இதற்கு முன் தங்கியவர்கள் ஒன்றும் சொல்லவில்லையே" என்ற வாக்கியத்தை நான் அடியோடு விட்டுவிட்டேன்.

ஒரு முறை நள்ளிரவில் ஏசி நின்றே போனது. காலைக்கு முன் ஆள் கிடைக்காது என்று தெரிந்ததும், அவர்கள் கேட்பதற்கு முன்னால் பாதி வாடகையைத் திருப்பித் தருவதாகச் சொன்னேன். தொகையை அப்போதே சொல்லிவிட வேண்டும். "பார்த்துச் செய்கிறேன்" என்று இழுத்தால் பேரம் ஆரம்பமாகிவிடும். ஏர்பிஎன்பி வழியாக வந்தவர் என்றால் நேரில் பேசியதை அந்தத் தளத்தின் செய்தியிலும் எழுதி வையுங்கள். அங்கே விருந்தினர் குறையைக் கண்ட 72 மணி நேரத்துக்குள் புகார் செய்யலாம். அப்போது பேச்சுவாக்கில் சொன்னது எதுவும் கைகொடுக்காது.

மின்தடைக்குப் பெரிய மருந்தில்லை. இன்வெர்ட்டரில் விளக்கும் மின்விசிறியும் ஓடும், ஏசியும் கீசரும் ஓடாது. இதையும் விவரத்தில் எழுதியிருக்கிறேன். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் பகுதிகள் செய்தித்தாளில் முன்னதாகவே வந்துவிடும். எங்கள் பகுதியின் பெயர் இருந்தால் முந்தின நாள் மாலையே சொல்லிவிடுவேன். அழகர்கோவில் பயணத்தை அந்தப் பகலுக்கு மாற்றி வைத்துக்கொள்வார்கள்.