எல்லாம் சுளுக்கு இல்லை: ஃபொயில் பலகையும் கால்பட்டியும்

போன சீசனில் பொத்துவில் தம்பி ஒருவர் நொண்டிக்கொண்டு என் அறைக்கு வந்தார். "சுளுக்கு மிஸ், நாலு நாளா எண்ணெய் போட்டு உருவுறம், வீக்கம் இறங்குதில்ல." கணுக்காலில் ஒன்றுமில்லை. வீங்கியிருந்தது பாதத்தின் நடுமேடு. காலைத் தூக்கிப் பார்த்தால் உள்ளங்காலில் நீலம் பாரித்திருந்தது. எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டேன். "ஃபொயில்ல. கால் பட்டிக்குள்ள மாட்டிட்டு, வெளியால வரல்ல." ஃபொயில் என்பது தண்ணீருக்கு மேலே எழும்பி ஓடும் சறுக்குப் பலகை; பட்டி, அதில் பாதத்தை நுழைக்கும் வார்.

உள்ளங்கால் நீலமும் இந்தக் கதையும் சேர்ந்து வந்தால் லிஸ்பிராங்க் காயமோ என்று சந்தேகிக்க வேண்டும். நடுப்பாத எலும்புகளை முன்பாதத்தோடு கட்டி வைத்திருக்கும் இணைப்பு விட்டுப்போவதுதான் அது. லிஸ்பிராங்க் என்பவர் நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சு அறுவை மருத்துவர். அங்கவடியில் கால் சிக்கியபடி குதிரையிலிருந்து விழும் வீரர்களோடு சேர்த்துத்தான் இந்தக் காயத்தைச் சொல்வார்கள். படுக்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரேயில் இது தப்பிவிடலாம்; காலை ஊன்றி நிற்கவைத்து எடுத்தால் எலும்புகளுக்கு நடுவே இடைவெளி தெரியும். தம்பியின் முதல் படத்திலும் 'ஒன்றுமில்லை' என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

அதற்காகப் பட்டியே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஃபொயிலில் பலகைக்கு அடியில் முக்கால் மீற்றருக்குக் கிட்ட ஒரு தண்டு, அதன் நுனியில் சிறகு. வேகம் பிடித்ததும் பலகை தண்ணீரை விட்டு எழும்பும். முன்கால் நாலு விரல் தள்ளிப் பட்டாலே மூக்குக் குத்தும், இல்லையென்றால் துள்ளி எழும்பும். கால் எங்கே இருக்க வேண்டும் என்பதைப் பட்டி நிலையாக வைக்கிறது. பாய்பவர்களுக்கு அது இல்லாமல் சரிவராது. பட்டியில்லாமல் ஓடினால் அலையில் பலகை காலை விட்டு நழுவும், சிறகில் விழுந்து கெண்டைக்காலில் தையல் போட்டவர்களும் என்னிடம் வருகிறார்கள். ஆனால் விழும்போது பலகை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். பழகுகிறவருக்கு அது பெரிய விஷயம். கால் வைக்கும் இடத்தைத் தேடிப் பிடிக்கவும் முடியும்.

கிழக்குக் கரையில் பாசிக்குடாவில் இது இன்னும் முக்கியம். நெடுந்தூரம் நடந்தாலும் இடுப்பளவுதான், பிள்ளைகள் குளிக்கத் தோதான கடல். ஃபொயிலுக்கு அதுவே ஆபத்து. சிறகு மணலில் குத்தினால் பலகை அந்த இடத்திலேயே நிற்கும், உடம்பு முன்னால் போகும். பட்டிக்குள் கால் இருந்தால் அந்த முறுக்கு முழுவதையும் பாதமும் முழங்காலும்தான் வாங்கும். நெஞ்சளவு ஆழமாவது இல்லாத இடத்தில் ஓட வேண்டாம். விழுந்தால் கால் குத்தாமல், தலை குத்தாமல், தட்டையாக விழுங்கள். கச்சான், அதாவது தென்மேற்குக் காற்றுக் காலத்தில் காற்று கரையிலிருந்து கடலுக்குத் தள்ளும், தண்ணீர் பாய் விரித்தது போல இருக்கும். கால் உடைந்தவர் அதில் திரும்பி வருவது கஷ்டம். தனியே போகாதீர்கள்.

பட்டி போடுவதென்றால் முதலில் முன்காலுக்கு மட்டும் போடுங்கள். இறுக்கத்தை விட அதிகத் தளர்வுக்குத்தான் நான் பயப்படுவேன்: பாதம் கணுக்கால் வரை உள்ளே போய்விடும், அப்புறம் வராது. நடுப்பாதத்தோடு நின்று, நேராகப் பின்னுக்கு இழுத்தால் கழன்று வர வேண்டும். கரையிலேயே பத்துத் தரம் இழுத்துப் பாருங்கள். சப்பாத்தோடு ஓடுபவர் சப்பாத்தோடு பாருங்கள்.

தம்பிக்குத் திருகாணி வைத்து அறுவைச் சிகிச்சை செய்தார்கள். இரண்டு மாதத்துக்குக் கிட்டக் காலை ஊன்றவில்லை, அறுகம்பைச் சீசன் ஊன்றுகோலிலேயே போயிற்று. கடைசி நாள் பயிற்சியில் அவர் கேட்ட ஒரே கேள்வி, பலகையை விற்கவா வேண்டாமா என்பது. பட்டியை மட்டும் கழற்றி வையுங்கள் என்றேன்.