ராஜாளியின் உள்ளங்கால்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் காவடிக்கு வெறுங்காலோடு தார்ச்சாலையில் நடந்தவர்களுக்கு இது தெரியும்: ஒரு பாதத்தில் கொப்புளம் வந்தால் உடம்பு தானாக மறுபக்கம் சாய்ந்துவிடும், மறுநாள் பார்த்தால் நல்ல கால்தான் அதிகமாக வலிக்கும். ராஜாளிக்கும் இதே கதைதான். என்ன, நமக்குப் படுக்கை இருக்கிறது, அது தூங்குவதும் நின்றபடியேதான்.

டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் எங்கள் மாமா ஒருவர் முறைப்படி அனுமதி வாங்கி ஒரு லானர் ராஜாளி வளர்க்கிறார். ஆண், அரை கிலோவுக்குச் சற்று மேல். ஒருநாள் போன் செய்து, "தம்பி, இவன் மூணு நாளா இடது காலைத் தூக்கிக்கிட்டே நிக்கிறான், வந்து பாரு" என்றார். ஒற்றைக் காலில் நிற்பது தப்பில்லை, ஓய்வெடுக்கும்போது ஒரு காலை வயிற்று இறகுக்குள் செருகிக்கொள்வது இவற்றின் வழக்கம். ஆனால் கால் மாற வேண்டும். எப்போதும் ஒரே கால் என்றால் சந்தேகப்பட வேண்டியதுதான்.

திருப்பிப் பார்த்தோம். நல்ல உள்ளங்கால் பலாத்தோலைச் சுருக்கியதுபோல் நுண்ணிய புடைப்புகளோடு சொரசொரப்பாக இருக்கும். இவனுக்கு நடுவில் கடுகளவு இடம் மட்டும் மழமழவென்று, இளஞ்சிவப்பாக மின்னியது. பம்பிள்ஃபுட் என்னும் உள்ளங்கால் புண் நோயின் தொடக்கம்.

படுக்கைப்புண் எப்படி வருகிறதோ அப்படித்தான் இதுவும். கடினமான, தட்டையான கட்டையில் மணிக்கணக்கில் நிற்கும்போது எடை முழுக்க ஒரே புள்ளியில் இறங்கி, அங்குள்ள நுண்ணிய ரத்தக்குழாய்கள் நசுங்கி, ரத்தம் போகாமல் தோல் மெலிகிறது. வளர்ந்துவிட்ட சொந்த நகமே உள்ளங்காலைக் குத்துவதும் உண்டு. அந்த வழியாக ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி நுழைந்தால் கருப்புப் பொருக்கு, வீக்கம், கடைசியில் எலும்பு வரை போகும். காட்டு ராஜாளிகளுக்கு இது அரிது, அவை பறந்துகொண்டே இருப்பதால் காலுக்கு ரத்தம் நன்றாக ஓடுகிறது.

கட்டையில் செயற்கைப் புல் விரித்தோம். நூற்றுக்கணக்கான இழைகள் எடையைப் பங்குபோட்டுக்கொள்ளும், காற்றும் புகும். பறவைகளுக்கு வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவர் களிம்பு கொடுத்து, நகத்தைச் சீவிவிட்டு, வலது காலையும் தினமும் பார்க்கச் சொன்னார். அதுதான் இப்போது இரண்டு காலின் பாரத்தையும் சுமக்கிறது.

சிக்கல் பயிற்சியில். வேட்டைப் பறவையைப் பழக்குவதே தராசை வைத்துத்தான்: தினமும் எடை போட்டு, ஓரளவு பசி இருக்கும்படி தீனி கொடுத்தால்தான் கைக்கு வரும். புண் ஆற வேண்டுமானால் வயிறார இரை வேண்டும். வயிறாரத் தின்று பறக்காமல் இருந்தாலோ எடை ஏறும், அந்த எடையும் அதே காலில்தான் இறங்கும்! பறக்கவிட்டால் தரையிறங்கும் அடி புண்ணில் விழும். என் கருத்தில் புண் ஆறும்வரை பயிற்சியை மறந்துவிடுவதே நல்லது. மாமா முழுத் தீனி கொடுத்தார், பிறந்து ஒரு நாளே ஆன கோழிக்குஞ்சும் காடையுமாக, தராசு கொஞ்சம் ஏறினால் மட்டும் ஒரு துண்டைக் குறைத்தார்.

ஆறிய பிறகும் நேரே வானத்துக்கு விடக்கூடாது, சதை தளர்ந்திருக்கும். முதலில் தரையிலிருந்து கையுறைக்குத் தாவல், அப்புறம் நீளக் கயிற்றில் குறுகிய பறத்தல், பிறகுதான் இறகு கட்டிய பொய் இரையைச் சுழற்றி அழைப்பது.

ஒரு விடியற்காலை மாமா படம் அனுப்பினார். இடது கால் புல்லில் ஊன்றியிருக்க, வலது கால் இறகுக்குள்.