பீன்ஸ் செடியும் கேரம் பவுடரும்
கேரம் போர்டுல காயின் வழுக்குறதுக்கு தூவுவோம்ல போரிக் பவுடர், அதுல இருக்க போரான் துளியாவது கிடைக்கலைனா பீன்ஸ் செடி வளரவே வளராது. 1923ல இங்கிலாந்து ரோதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்துல கேத்தரின் வாரிங்டன்ங்கிறவங்க பிராட் பீன்ஸ்ல இத நிரூபிச்சாங்க, போரான் இல்லாத செடிக்கு நுனி கருகி அப்படியே நின்னுடுச்சு.

ஏன் நுனின்னா, புது செல் உருவாகுற இடம் அதுதான். செல் சுவர்ல பெக்டின் இருக்கும் (ஜாம் கெட்டியாகுறதும் இதாலதான்), ரெண்டு பெக்டின் இழைய இழுத்துப் பிடிச்சு பட்டன் போட்டு விடுறது போரான். பழைய இலைல இருக்க போரான கழட்டி நுனிக்கு அனுப்ப பீன்ஸுக்குத் தெரியாது, அதனால வேர்ல இருந்து தினமும் வந்துகிட்டே இருக்கணும்.

இது அரைகுறையா தெரிஞ்சதுதான் எனக்கு வினை. மாடில வச்ச பீன்ஸ் நாத்துல இளசு இலை மஞ்சளாச்சு, போரான் பத்தலைன்னு நானே முடிவு பண்ணி 10 லிட்டர் வாளில அரை ஸ்பூன் பவுடர கலக்கி ஊத்திட்டேன். அரை ஸ்பூன்னா 2 கிராம்னு வைங்க, அதுல போரான் 350 மில்லிகிராம், அதாவது லிட்டருக்கு 35. பீன்ஸுக்கு பாய்ச்சுற தண்ணில லிட்டருக்கு 1 மில்லிகிராம் தாண்டுனாலே ஆகாது!

அந்த பவுடர்ங்கிறது போரிக் அமிலம்தான், அதுக்கு மின்னூட்டம் கிடையாது, அதனால வேர் அத பெருசா தடுக்க முடியாம தண்ணியோட சேர்த்து உறிஞ்சிடும், இலை ஓரம் வரைக்கும் போய் தண்ணி ஆவியாயிடும் போரான் மட்டும் அங்கயே தங்கிடும், வாட்டர் ஹீட்டர்ல உப்பு படியுற மாதிரி. அடி இலையெல்லாம் ஓரத்துல மட்டும் அளவெடுத்து தீய்ச்ச மாதிரி பழுப்பு பார்டர், நடுவுல பச்சை.

உண்மைல அந்த மஞ்சளுக்கு காரணம் இரும்பு பத்தாததுதான். நரம்பு மட்டும் பச்சையா வலை மாதிரி தெரிஞ்சுது, அப்பவே புரிஞ்சிருக்கணும். மண்ணுல இரும்பு இருந்தாலும் போர் தண்ணி காரத்தன்மை ஏத்திட்டா அது கரையாது, வேருக்கு கிடைக்காது. மாலிப்டினம்னு இன்னொரு நுண்சத்து இதுக்கு நேர் எதிர், புளிப்பு மண்ணுலதான் மாட்டிக்கும், அது இல்லைனா வேர் முடிச்சுல இருக்க பாக்டீரியா காத்துல இருந்து நைட்ரஜன் பிடிக்க முடியாது.

அந்த தொட்டிங்கள வாளி வாளியா தண்ணி விட்டு அலசினேன், நாலு நாத்துல ஒண்ணு மட்டும் புது இலை விட்டுச்சு.