ஈரப்பதன் 17.4 என்றால் எந்த விதி? வணிக மென்பொருளில் நிபந்தனைகளை அமைக்கும்போது கவனிக்க வேண்டியவை

இலங்கையின் கிழக்கில் சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்றுப் பக்க அரிசி ஆலைகளுக்கு நெல் கொள்வனவு மென்பொருள் அமைக்கும்போது, "ஈரப்பதன் கூடினால் நிறையில் கழிக்க வேண்டும்" என்று ஆலைக்காரர் ஒரே வரியில் சொல்லிவிடுவார். வேலையில் இறங்கினால் அது ஒரு விதி அல்ல. நெல்லினம் மூன்று, ஈரப்பதன் படிகள் நான்கு, ஒப்பந்த விவசாயியா வெளியாரா என்று இரண்டு வகை. மொத்தம் 24 சேர்க்கைகள். இவற்றை நிரலுக்குள்ளேயே எழுதி வைத்தால் ஓர் எண்ணை மாற்றவும் நிரலாளரைத் தேட வேண்டிவரும். ஆகவே விதிகளை ஓர் அட்டவணையில் வையுங்கள். ஒவ்வொரு வரியிலும் நிபந்தனைகள், விளைவு, முன்னுரிமை எண், தொடக்கத் திகதி, முடிவுத் திகதி ஆகியவை இருக்கட்டும். 24 வரிகளையும் எழுத வேண்டியதில்லை. இனம் பொருட்டில்லாத இடத்தில் "எதுவும்" என்று போட்டால் பத்துக்குள் அடங்கிவிடும்.

பிழை அதிகம் நுழையும் இடம் எல்லைதான். "14 வரை கழிவில்லை, 15 முதல் 17 வரை ஒரு படி, 18க்கு மேல் மேலாளர் அனுமதி" என்பதுபோல் காகிதத்தில் எழுதித் தருவார்கள். ஈரமானி காட்டுவதோ 17.4. அந்த மூட்டைகள் எந்த வரியிலும் விழாது. சில மென்பொருள் கழிவைப் பூச்சியமாக எடுக்கும், சில முந்தைய பற்றுச்சீட்டின் கழிவையே அப்படியே வைத்திருக்கும். முதலாவதில் ஆலைக்கு நட்டம், இரண்டாவதில் முந்தைய கழிவு கூடுதலாக இருந்தால் அடுத்து வந்த விவசாயிக்கு. எனவே "14க்கு மேல், 17 உட்பட" என்று எல்லையைச் சொல்லால் தீர்த்து எழுதி, அடுத்த படியை "17க்கு மேல்" என்று அதே எண்ணில் தொடங்குங்கள். எதிலும் பொருந்தாதவற்றுக்குக் கடைசியாக ஒரு வரி கட்டாயம் வேண்டும். அந்த வரி தொகை எதையும் கணிக்கக் கூடாது, பற்றுச்சீட்டை நிறுத்தி ஆளைக் கேட்க வேண்டும்.

கழிவுக் கணக்கையும் முன்கூட்டியே தீர்மானியுங்கள். 18 சதவீத ஈரப்பதனுள்ள 1,000 கிலோ நெல்லை 14 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் (நூறில் ஈரம் போக மீதி முதலில் 82, பிறகு 86) 1,000 × 82 ÷ 86, அதாவது 953.5 கிலோ. கழிவு 46.5 கிலோ. "நாலு சதவீதம் கூட" என்று நேராகக் கழித்தால் 40 கிலோதான். எதைப் பின்பற்றுவது என்பது ஆலையும் விவசாயியும் பேசி முடிக்க வேண்டியது. ஆனால் ஒரு வரியில் ஒன்றும் இன்னொரு வரியில் மற்றதுமாக இருப்பது அநியாயம். எந்த விதி எண்ணால் கழிக்கப்பட்டது என்பதைப் பற்றுச்சீட்டிலேயே அச்சிடுங்கள். ஏன் இவ்வளவு குறைந்தது என்று கேட்க விவசாயிக்கு உரிமை உண்டு, அதற்குப் பதில் கையில் இருக்க வேண்டும்.

இரண்டு வரிகள் ஒரே நேரத்தில் பொருந்தினால் என்ன செய்வது? முன்னுரிமையில் முதலாவதை மட்டும் எடுப்பதா, எல்லாவற்றையும் சேர்ப்பதா? கல்முனை மொத்தக் கடையொன்றில் அதிகம் வாங்குவோருக்கு விலையில் 5 சதவீத அளவுக் கழிவும் 3 சதவீத ரொக்கக் கழிவும் இருக்கிறதென்று வையுங்கள். 1,00,000 ரூபாய்க்குக் கூட்டிக் கழித்தால் 8,000. ஒன்றன்பின் ஒன்றாகக் கழித்தால் 7,850. இது மென்பொருள் நிறுவனம் ஊகித்து முடிக்கிற விடயமல்ல, கடைக்காரர் எழுத்தில் தரவேண்டியது.

விதி மாறும்போது பழைய வரியைத் திருத்தாதீர்கள். முடிவுத் திகதி போட்டு மூடிவிட்டுப் புதிய வரியைச் சேருங்கள். பெறுமதி சேர் வரி 2022 ஜூன் 1இல் 8இலிருந்து 12 சதவீதமாகவும், அதே ஆண்டு செப்டெம்பர் 1இல் 15 ஆகவும், 2024 ஜனவரி 1இல் 18 ஆகவும் உயர்ந்தது. 2023 டிசம்பரில் 10,000 ரூபாய்க்கு விற்ற பொருள் ஜனவரியில் திரும்பி வந்தால் மீளளிக்க வேண்டிய வரி 1,500. பழைய விகிதத்தின் மேலேயே 18 என்று எழுதியிருந்தால் மென்பொருள் 1,800 காட்டும். விதியைத் தேட வேண்டியது மூல விற்பனைத் திகதியை வைத்து, பதிவு செய்யும் நாளை வைத்தல்ல. பிரயோகித்த விகிதத்தையும் பற்றுச்சீட்டு வரியிலேயே சேமித்துவிடுங்கள்.

நம் பகுதியில் தனியாகக் கவனிக்க ஒன்றுண்டு. ஊரை வைத்து ஏற்றுகூலி கணிக்கும் விதியில் ஊர்ப்பெயரை நிபந்தனையாக்காதீர்கள். காத்தான்குடியை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவோம். பழைய பதிவுகள் பாமினி எழுத்துருவில் இருந்தால் திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளே, யூனிகோடில் எழுதிய விதி அவற்றோடு பொருந்தவே பொருந்தாது. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு குறியீட்டெண் கொடுத்து அதையே நிபந்தனையில் வையுங்கள்.

பெரும்போக அறுவடையில் லொறிகள் வரிசையில் நிற்கும்போது விதியைத் தொடவே வேண்டாம். முன்னதாகவே தரவுத்தளத்தின் நகலொன்றில் ஓட்டிப் பாருங்கள். விதியை உள்ளிடுபவர் ஒருவர், அனுமதிப்பவர் வேறொருவர். சோதனைக்கு 13.9, 14.0, 14.1, 17.0, 17.1, வெற்றிடம் ஆகியவற்றைக் கொடுங்கள். அவசரத்தில் புள்ளி விடுபட்டு 140 என்று தட்டுவதும் நடக்கும். மேலே சொன்ன கணக்கில் அதைப் போட்டால் நிறை எதிர்மறையாக வரும், ஆகையால் உள்ளிடும் பெட்டியிலேயே 8க்குக் கீழும் 35க்கு மேலும் ஏற்காதபடி தடை போடுங்கள். இந்தச் சோதனை எண்களையும் எதிர்பார்க்கும் விடைகளையும் ஒரு கோப்பில் வைத்து, விதி மாறும் ஒவ்வொரு முறையும் முழுவதையும் மறுபடி ஓட்டுங்கள்.