ஒழுங்கைக்குள் பறக்கும் வாகனங்கள்: யாருக்கு எழுதுவது, என்ன கேட்பது

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் ஒழுங்கை கிறவலாகக் கிடந்த காலத்தில் மோட்டார் சைக்கிள்கள் தாமாகவே மெதுவாகப் போகும். குழிகள்தான் அப்போது வேகத்தடை. காபட் போட்ட பிறகு, பின்னேரம் ரியூசன் விடும் நேரத்தில் பிள்ளைகளை மதிலோடு ஒட்டி நடக்கச் சொல்ல வேண்டி வந்துவிட்டது. நல்ல வீதி வேண்டும் என்று கேட்டவர்கள் நாங்கள்தான். அதற்காக இந்த வேகத்தைச் சகித்துக்கொள்ள வேண்டியதில்லை.

"இங்கே வேக எல்லைப் பலகை இல்லையே" என்று ஓட்டுபவர்கள் சொல்வார்கள். பலகை இல்லாவிட்டாலும் எல்லை இருக்கிறது. குடிமனைப் பகுதியில் மணிக்கு 50 கிலோமீற்றருக்கு மேல் போகக் கூடாது, ஆட்டோவுக்கு 40 தான். 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது தண்டப் பணத்தைக் கூட்டினார்கள். எல்லையை எவ்வளவு மீறினார்கள் என்பதைப் பொறுத்து 3,000 ரூபாயில் தொடங்கி 25,000 வரை போகும்.

ஆனால் ஒழுங்கைக்கு 50 என்பதே அதிகம். அந்த வேகத்தில் வாகனம் ஒரு செக்கனில் கிட்டத்தட்ட 14 மீற்றர் ஓடிவிடும். கேற்றைத் திறந்துகொண்டு ஓடிவரும் பிள்ளையைக் கண்டு பிரேக்கில் கால் வைப்பதற்குள் அந்தத் தூரம் முடிந்துவிடும். நடப்பவர்களும் வாகனங்களும் கலந்து போகும் இடங்களில் 30 போதும் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இன்னொன்று, 50க்குள் ஓடினாலும் கவனமில்லாமல் ஓட்டுவது தனிக் குற்றம். பொலிஸில் முறையிடும்போது இதையும் சொல்லுங்கள்.

சரி, வேகத்தடை யார் போட்டுத் தருவார்கள்? பலர் சறுக்குவது இங்கேதான். நானும் முதலில் சம்பந்தமில்லாத ஒரு அலுவலகத்துக்கு எழுதிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தேன். ஏ, பி வகை வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. கண்டிப் பக்கம் போகும் ஏ6, அநுராதபுரம் போகும் ஏ12, மட்டக்களப்பு போகும் ஏ15, நிலாவெளி ஊடாகப் புல்மோட்டை போகும் வீதி எல்லாம் இதில் அடங்கும். சி, டி வகை வீதிகளை மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களம் பார்க்கிறது. மிச்சமுள்ள உள்வீதிகளும் ஒழுங்கைகளும் பெரும்பாலும் உள்ளூராட்சி சபையின் பொறுப்பு. உப்புவெளிப் பக்கம் என்றால் 'பட்டினமும் சூழலும்' என்ற பெயருள்ள பிரதேச சபை. சந்தேகமாக இருந்தால் சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் கேளுங்கள், வீதிப் பட்டியலைப் பார்த்துச் சொல்வார்.

2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்த பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் முறையிட ஒரு உறுப்பினர்கூட இருக்கவில்லை. 2025 மே 6 தேர்தலுக்குப் பிறகு உங்கள் வட்டாரத்துக்கு ஒருவர் இருக்கிறார். கடிதத்தின் பிரதியை அவர் கையிலும் கொடுங்கள். சபை அமர்வில் அவர் எழுப்பினால் அது கூட்டக் குறிப்பில் ஏறும்.

கடிதத்தில் "வேகமாக ஓடுகிறார்கள்" என்று மட்டும் எழுதினால் அது கோப்புக்குள் தூங்கிவிடும். வீதியின் பெயர், எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை, அருகிலுள்ள பாடசாலை, கோயில், பள்ளிவாசல், எந்த நாளில் எந்த நேரம் மோசம், இதுவரை நடந்த விபத்துகள் எல்லாவற்றையும் எழுதுங்கள். அயலவர்கள் கையொப்பமிடட்டும். பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கும் பிரதேச செயலாளருக்கும் பிரதி போகட்டும். வேகம் மோசமாக இருக்கும் நேரத்தில் போக்குவரத்துப் பொலிஸாரை நிறுத்தும்படி கேட்கலாம். உடனடி ஆபத்து என்றால் 119.

தமிழில் எழுதினால் எடுபடாது என்று யாரும் தயங்க வேண்டாம். வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிர்வாக மொழி. தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பே உரிமை தருகிறது.

பதிலே வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அதே சபையின் தகவல் அலுவலருக்கு, "இன்ன திகதியில் அனுப்பிய கடிதத்தின் மீது எடுத்த நடவடிக்கை என்ன?" என்று கேட்டு விண்ணப்பியுங்கள். தகவலைத் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர் அறிவிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம். இந்தக் கேள்வி போனால் கோப்பு மேசைக்கு வரும்.

தயவுசெய்து நீங்களே சீமெந்து குழைத்து வேகத்தடை கட்டாதீர்கள். ஆத்திரம் எனக்கும் புரியும். ஆனால் கோடு போடாத மேட்டில் இரவில் மோட்டார் சைக்கிளில் வருபவர் தூக்கி எறியப்படுவார், அம்புலன்சும் தடுமாறும், பழியும் உங்கள் மேல்தான் விழும். வேகத்தடை கேட்கும் கடிதத்திலேயே எச்சரிக்கைப் பலகையையும் வெள்ளைக் கோட்டையும் சேர்த்துக் கேளுங்கள். மாரி மழையில் கோடு மங்கிவிட்டால், முதல் கடிதத்தின் திகதியைக் குறிப்பிட்டு மறுபடி பூசித் தரும்படி அதே சபைக்கு எழுதுங்கள்.