பாறையைக் கட்டிப்பிடித்தால் கால் வழுக்கும்

"கயிறே இல்லாமல் செங்குத்துப் பாறையில் ஏறுகிறார்களே, அவர்களுக்குப் பயமே கிடையாதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கூடவே வாட்ஸ்அப்பில் வந்த ஒரு வீடியோ. தலைப்பு: 'பய நரம்பு இல்லாமல் பிறந்த மனிதர்'. பய நரம்பு என்று ஒன்று யாருக்குமே கிடையாது. ஆனால் கேள்வி நல்ல கேள்வி. பயத்துக்கும் பாறை ஏறுவதற்கும் உள்ள உறவு, மூளையில் இருப்பதைவிடக் காலணியின் அடியில்தான் சுவையாக இருக்கிறது.

வீடியோவில் இருப்பவர் அலெக்ஸ் ஹானல்டு. கலிபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் எல் கேப்பிடன் என்ற கிரானைட் சுவர் சுமார் 900 மீட்டர் உயரம். 2017 ஜூன் 3 அன்று அதன் 'ஃப்ரீரைடர்' தடத்தில் அதிகாலை 5.32க்கு ஏறத் தொடங்கி, 9.28க்கு உச்சியில் நின்றார். கயிறு, கொக்கி எதுவும் இல்லை. காலில் இறுக்கமான ரப்பர் அடிக் காலணி. இடுப்பில் வியர்வையை உறிஞ்சும் மக்னீசியம் கார்பனேட் பொடி. அவ்வளவுதான்.

கயிறு யாரையும் மேலே ஏற்றுவதில்லை. விழுந்தால் மெதுவாக நிறுத்துகிறது, அதுதான் அதன் வேலை. 10 மீட்டர் விழ 1.4 விநாடி, அப்போது வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். அந்த வேகத்தில் வரும் உடலைத் தரை 10 சென்டிமீட்டருக்குள் நிறுத்தினால், உடல் தாங்க வேண்டிய விசை அதன் எடையைப் போல நூறு மடங்கு. இழுபடும் நைலான் கயிறு அதே நிறுத்தத்தை இரண்டு மூன்று மீட்டருக்குப் பரப்பிவிடும். விசை சில மடங்கோடு முடிந்துவிடும்.

கயிறில்லை என்றால் ஒரு தப்புக்குக்கூட இடமில்லை. ஒவ்வொரு அடியும் 99.9 சதவீதம் உறுதி என்று வைத்துக்கொள்வோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆயிரம் அடிகள் எடுத்து வைத்தால் ஒரு முறைகூட வழுக்காமல் மேலே போய்ச் சேரும் வாய்ப்பு 37 சதவீதம்தான். உறுதியை 99.999 ஆக்கினால் அது 99 சதவீதமாகிறது. பல மாத ஒத்திகையெல்லாம் அந்தக் கடைசி இரண்டு ஒன்பதுகளுக்காகத்தான்.

ஃப்ரீரைடரில் கை பலம் கேட்கும் கடினமான இடங்கள் பல உண்டு. ஆனால் 2016 இலையுதிர் காலத்தில் ஹானல்டு முதல் முயற்சியில் திரும்பிப்போனது அங்கெல்லாம் இல்லை. தரையிலிருந்து அதிகம் ஏறாத நிலையில், பனியாறு தேய்த்து மெருகேற்றிய ஒரு சாய்பாறையில். ஏறுபவர்கள் இதை 'ஸ்லாப்' என்பார்கள். கையால் பிடிக்க ஒன்றும் இருக்காது. ரப்பரைப் பாறையில் அழுத்தி, உராய்வை நம்பி நிற்க வேண்டும்.

60 கிலோ மனிதர் 45 பாகைச் சரிவில் நிற்கிறார். எடையைப் பள்ளிக்கூடத்தில் செய்தது போலப் பிரித்தால், பாறைக்குள் அழுத்துவது சுமார் 42 கிலோ. சரிவோடு கீழே இழுப்பதும் 42 கிலோ. வழுக்காமல் இருக்க உராய்வுக் குணகம், அதாவது இழுப்பதை அழுத்துவதால் வகுத்தால் வரும் எண், 1 வேண்டும். நல்ல ரப்பரும் காய்ந்த கிரானைட்டும் அதைச் சற்றே தாண்டும். சரி, நிற்கலாம்.

இப்போது அவருக்குப் பயம் வருகிறது. என்ன செய்வார்? எல்லோரும் செய்வதைத்தான்: பாறையோடு ஒட்டிக்கொள்வார். மார்பும் உள்ளங்கைகளும் பாறைமேல் சாய்ந்து, அழுத்தத்தில் 10 கிலோவை வாங்கிக்கொள்கின்றன. வியர்த்த கையும் சட்டைத் துணியும் பெரிதாக எதையும் பிடித்து நிறுத்தாது. கீழ்நோக்கி இழுக்கும் 42 கிலோ ஏறக்குறைய முழுதும் இன்னும் காலின் தலையில்தான். காலை அழுத்துவதோ வெறும் 32. தேவைப்படும் குணகம் 1.3க்கு ஏறிவிட்டது. கால் வழுக்குகிறது. விழுந்துவிடுவோம் என்று பயந்து செய்த காரியமே விழவைக்கிறது. இடுப்பைப் பாறையிலிருந்து விலக்கி, நேராகக் கால்களுக்கு மேல் கொண்டுவந்து நிமிர்ந்து நிற்பதுதான் பாதுகாப்பு. உடம்பு முழுவதும் 'வேண்டாம்' என்று கத்தும் நிலை அது.

ரப்பரும் இதில் ஒரு கூட்டாளி. உராய்வுக்கும் பரப்பளவுக்கும் சம்பந்தமில்லை என்று படித்திருப்போம். மரக்கட்டைக்கு அது சரி, மென்மையான ரப்பருக்குச் சரியில்லை. ரப்பர் பாறையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் பிதுங்கி இறங்குகிறது. அழுத்தம் இரண்டு மடங்கானால் உண்மையான தொடுபரப்பு அந்த அளவுக்கு ஏறாது. ஆகவே அதே எடையை அகலமாகப் பரப்பினால் பிடிப்பு கூடும். குதிகாலைத் தாழ்த்தச் சொல்வது இதற்காக. இன்னொன்று: இந்த ரப்பரில் ஒரு பந்து செய்தால் அது சரியாகத் துள்ளாது. நசுங்கும்போது வாங்கிய ஆற்றலைத் திருப்பிக் கொடுக்காமல் வெப்பமாக விழுங்கிவிடும். அந்தக் கஞ்சத்தனம்தான் பிடிப்பு. ஒவ்வொரு நுண்மேட்டையும் தாண்டி நகர ரப்பர் நசுங்கி மீள வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஆற்றல் தொலைகிறது. வெயிலில் சூடேறினால் ரப்பர் குழைந்து பிடிப்பு குறையும். அதிகாலையில் ஏறத் தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

செய்முறை இதுதான். ஏறுமுன் காலணியின் அடியில் எச்சில் தொட்டு, கீச்சென்று சத்தம் வரும்வரை தேய்த்துத் தூசி எடுக்க வேண்டும். சுவர் மொத்தமாக எவ்வளவு சரிவு என்பது முக்கியமல்ல. கால் படப்போகும் இரண்டு அங்குலத்தின் சரிவுதான் கணக்கு. சின்னக் குழிவு ஒன்றைப் பார்த்து ஒரே தடவையில் காலை வைக்க வேண்டும், தடவிப் பார்க்கக் கூடாது. எடையை மெதுவாக ஏற்றி, ஏற்றிய பின் அசையாமல் நிற்க வேண்டும். தொட்டிருக்கும் நேரம் கூடக்கூட ரப்பர் இன்னும் கொஞ்சம் உள்ளே இறங்கும்.

கெண்டைச்சதை களைத்து, பயமும் சேர்ந்தால் கால் வெடவெடவென்று ஆடும். தையல் மெஷின் என்று ஏறுபவர்கள் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அழுத்தம் கூடிக் குறைந்து, குறையும் ஏதோ ஒரு கணத்தில் கால் பிடியை விடும். குதிகாலை இறக்கி, மூச்சை விட்டால் பெரும்பாலும் அடங்கும்.

மூளைக்கு வருவோம். 2016இல் தென் கரோலினா மருத்துவப் பல்கலைக்கழகத்தில் ஜேன் ஜோசப் என்ற நரம்பியல் ஆய்வாளர் ஹானல்டுக்கு எம்.ஆர்.ஐ எடுத்தார். கலவரப்படுத்தும் படங்களைக் காட்டியும், மூளையில் பயத்தைக் கையாளும் பகுதியான அமிக்டலா அவருக்குக் கிளர்ச்சி அடையவில்லை. உறுப்பு இருக்கிறது, அந்தப் படங்களுக்குச் சலனமில்லை, அவ்வளவே. பிறவியிலேயே அப்படியா, இருபது வருடப் பழக்கத்தால் அப்படியா என்பதை ஒரே ஒரு ஆளின் படத்தை வைத்துச் சொல்ல முடியாது. அந்த ஒரு படத்துக்கு உலகமெல்லாம் தலைப்புச் செய்தி. ரப்பர் உராய்வைப் பற்றிய ஆய்வுக்கோ அப்படிச் செய்தி எதுவும் இல்லை. காலணி ரப்பரின் கலவை விகிதங்கள் கம்பெனி ரகசியமாகவே கிடக்கின்றன. மழையில் வழுக்கும் பஸ் டயரும் பாசி படிந்த குளியலறையில் வழுக்கும் ஹவாய் செருப்பும் இதே அறிவியல்தான். பொதுப் பணம் போக வேண்டிய இடம் அது என்பது என் கட்சி.

பிறகு ஏன் ஏறுகிறார்கள்? 'அட்ரினலின் போதை' என்ற பதில் எனக்கு ஒப்பவில்லை. அட்ரினலின் பொங்கினால் கால் ஆடும், கை வியர்க்கும், உடம்பு பாறையைக் கட்டிக்கொள்ளும், மேலே பார்த்தோமே. இவர்கள் தேடுவது அதற்கு நேர் எதிரானது. நாலு கிலோ கயிறில்லை, கொக்கி மாட்ட நின்று நின்று போவதில்லை. அடுத்த அடியைத் தவிர வேறு நினைப்பு மனதில் இல்லாத மூன்று நான்கு மணி நேரம். அது கிடைக்கும் என்றால் ஆசை வரத்தான் செய்யும்.

ஆனால் விலை அப்படியே இருக்கிறது. யோசெமிட்டியில் கயிறின்றி ஏறிப் பெயர் பெற்ற ஜான் பாக்கர் 2009 ஜூலையில், வீட்டுக்குப் பக்கத்தில் அடிக்கடி ஏறிப் பழகிய பாறையில் விழுந்து இறந்தார். ஆஸ்திரியாவின் பால் பிராய்ஸ் நூறாண்டுக்கு முன்பே, ஏறும் வழியில் இறங்கவும் முடிந்தால்தான் ஏற வேண்டும் என்று வாதாடியவர். 1913இல் தனியாக ஏறும்போது விழுந்தார். வயது 27.

பிராய்ஸின் நிபந்தனை கடுமையானது. ஏறும்போது அடுத்த குழிவு கண்ணுக்கு எதிரே இருக்கும். இறங்கும்போது அது ஒன்றரை மீட்டர் கீழே, நம் உடம்புக்குப் பின்னால் மறைந்திருக்கும். காலை நீட்டித் துழாவினால் குதிகால் உயர்ந்து தொடுபரப்பு சுருங்கும். மேலே நிற்கும் இன்னொரு காலோ முழங்கால் மடங்கி மொத்த எடையையும் தாங்கும். 2022 பிப்ரவரியில் பாலக்காட்டுக்குப் பக்கத்தில், மலம்புழாவின் குறும்பாச்சி மலையில் இறங்கும்போது வழுக்கிய ஓர் இளைஞர், பாறை இடுக்கில் 40 மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தார். ராணுவ வீரர்கள் உச்சியிலிருந்து கயிற்றில் இறங்கி, அவரை மேலே தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள்.