வணிக இரகசியமா, வணிக மந்தணமா?

மின் கட்டண மாற்றத்துக்கான பொதுக் கருத்துக் கேட்புக் கூட்டங்களுக்குப் போய்வருகிறவர்களுக்கு அந்தப் பதில் தாள் நன்றாகத் தெரியும். இடப்பக்கக் கட்டத்தில் நுகர்வோரின் கேள்வியும் வலப்பக்கக் கட்டத்தில் உரிமதாரரின், அதாவது மின்சாரம் வழங்க உரிமம் பெற்ற நிறுவனத்தின், விடையும் இருக்கும். சென்ற முறை என் கைக்கு வந்த தாளில், நிலக்கரியைக் கப்பலில் கொண்டுவர ஒரு டன்னுக்கு என்ன வாடகை கொடுக்கப்பட்டது என்ற என் கேள்விக்கு எதிரே ஒரே வரிதான் இருந்தது: "இது வணிக இரகசியம் என்பதால் தெரிவிக்க இயலாது." அதற்கு முன்பு வேறோரிடத்தில் இதே போன்ற கேள்விக்கு "வணிக நம்பிக்கை கருதி மறுக்கப்படுகிறது" என்று எழுதியிருந்தார்கள். இரண்டு விடைகளும் 'கமர்ஷியல் கான்ஃபிடன்ஸ்' என்ற ஒரே ஆங்கிலத் தொடரைப் பெயர்க்க முயன்றவை. இரண்டும் பிழை, முதற்பிழை கூடுதல் கேடு விளைவிப்பது.

'கான்ஃபிடென்ஷியல்' என்பதன் வேர் இலத்தீனின் 'ஃபிதேரே', அதாவது நம்புதல். 'சீக்ரெட்' என்பதன் வேர் பிரித்து ஒதுக்குதல் என்ற பொருளுடைய இன்னொரு இலத்தீன் வினை. நம் 'இரகசியம்' தனித்த இடத்தைக் குறிக்கும் 'ரஹஸ்' என்ற வடசொல்லிலிருந்து வந்தது. வேர்க்கதை இவ்வளவு போதும். நம்பி ஒப்படைத்தது வேறு, ஒதுக்கி மறைத்தது வேறு என்பதுதான் இங்கே வேண்டியது.

தமிழில் இந்த வேறுபாடு இல்லாமற் போகவில்லை. "உன்னை நம்பிச் சொல்கிறேன், நமக்குள் இருக்கட்டும்" என்று ஒருவர் சொல்லும்போது அங்கே சொல்பவர், கேட்பவர், அவர்களுக்கிடையே ஓர் உடன்பாடு ஆகிய மூன்றும் இருக்கின்றன. இரகசியத்துக்கு இரண்டாம் ஆள் தேவையில்லை. ஒருவர் மனத்துக்குள்ளேயே அது கிடக்கலாம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, பிரிவு 8(1)(ஈ) இந்த இரண்டையும் தனித்தனியே சொல்கிறது. கமர்ஷியல் கான்ஃபிடன்ஸ், டிரேட் சீக்ரெட், அறிவுசார் சொத்து என்று அடுத்தடுத்து மூன்றை எண்ணி, அவற்றை வெளியிடுவது மூன்றாம் தரப்பினரின் போட்டி நிலைக்குத் தீங்கு செய்யுமானால் மறுக்கலாம் என்றும், பரந்த பொதுநலன் வேண்டினால் அப்போதும் வெளியிடலாம் என்றும் கூறுகிறது. முதலிரண்டையும் 'வணிக இரகசியம்' என்றே பெயர்த்தால் ஒரே சொற்றொடர் அடுத்தடுத்து இருமுறை வரும். அதைத் தவிர்க்கத்தான் சிலர் முதலாவதை 'வணிக நம்பிக்கை' ஆக்கினார்கள் போலும். ஆனால் வணிக நம்பிக்கை என்றால் சந்தை நாளை நன்றாக இருக்கும் என்று வணிகர்கள் நம்புவது. அதைக் கருதி ஒரு கப்பல் வாடகையை ஏன் மறைக்க வேண்டும் என்று படிப்பவர் திகைப்பார்.

'இரகசியம்' செய்யும் கேடு வேறு வகையானது. அந்தச் சொல்லைக் கேட்டதும் எதிரில் இருப்பவர் வாயடைத்துப் போகிறார். அமைச்சர்கள் எடுக்கும் இரகசியக் காப்புப் பிரமாணமும் 1923ஆம் ஆண்டின் அலுவல்சார் இரகசியச் சட்டமும் அதன் பின்னால் நிழலாக நிற்கின்றன. கான்ஃபிடென்ஷியல் என்று சொன்னாலோ கேள்விகள் எழும்: யார் ஒப்படைத்தார், யாரிடம், எந்த நோக்கத்துக்கு, எதுவரை? மின்துறையில் இந்தக் கேள்விகளை விட்டுவிட முடியாது. மின் கொள்முதல் செலவு கட்டண மனு வழியாக நம் வீட்டு மின்கணக்கில் வந்து சேர்கிறது. மின்சாரச் சட்டம், 2003, பிரிவு 86(3), மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் தன் பணிகளில் வெளிப்படைத்தன்மையை உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. வீட்டு நுகர்வோர் வேறொருவரிடம் இணைப்பு வாங்க வழியில்லாத ஊரில், பகிர்மான உரிமதாரர் தன் சொந்தச் செலவைப் பற்றிப் 'போட்டி நிலை' என்று பேசவே இடம் குறைவு. நிலக்கரி விற்றவரோ கப்பல் விட்டவரோ பேசலாம். அதற்கும் முறை உண்டு: தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பிரிவு 11இன்படி மூன்றாம் தரப்பினருக்கு 5 நாட்களுக்குள் அறிவிப்பு கொடுத்து, அவர் தம் கருத்தைச் சொல்ல 10 நாட்கள் தர வேண்டும். 'இரகசியம்' என்ற ஒற்றைச் சொல் இவ்வளவையும் தாண்டிக் குதித்துவிடுகிறது.

சொல்லின் பொருளே வழக்கின் முடிவைத் தீர்மானித்ததும் உண்டு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2019இல் ஆர்கஸ் லீடர் என்ற செய்தித்தாளின் வழக்கில், அந்நாட்டுத் தகவல் சட்டத்தில் வரும் 'கான்ஃபிடென்ஷியல்' என்பதன் இயல்பான பொருளை அகராதிகளிற் பார்த்தே, உரியவர் வழக்கமாகத் தமக்குள் வைத்திருப்பதும், வெளிவராது என்ற உறுதியின்பேரில் அரசிடம் கொடுத்ததுமான வணிகத் தகவல் அந்தச் சொல்லுக்குள் அடங்கும் என்றது. 1974 முதல் கீழ் நீதிமன்றங்கள் கேட்டுவந்த 'போட்டி நிலைக்குப் பெருந்தீங்கு' என்ற சோதனை அத்துடன் போயிற்று. அந்நாட்டின் கூட்டரசு எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையமும் அதே தகவல் சட்டத்துக்கு உட்பட்டதுதான். நம் சட்டத்தில் தீங்கு என்ற நிபந்தனை எழுத்திலேயே இருப்பதால் அந்த முடிவு இங்கே செல்லாது. எனக்கு அது நிம்மதி. நம் உச்ச நீதிமன்றமோ 2015 டிசம்பரில், வங்கிகள் ரிசர்வ் வங்கிக்குச் சட்டக் கடமையாகத் தரும் தகவலை நம்பி ஒப்படைத்ததாகக் கொள்ள முடியாது என்று தீர்ப்பளித்தது. அந்த வாதம் மற்ற ஒழுங்குமுறை அமைப்புகளுக்கும் பொருந்தும் என்பது என் எண்ணம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? தனித்தமிழ் அன்பர்கள் சிலர் 'வணிகக் கமுக்கம்' என்கிறார்கள். கமுக்கம் உயிருள்ள சொல், நான் அன்றாடம் பேசும் சொல், எனக்குப் பிடித்த சொல்லும்கூட. ஆனால் அதை நாம் எப்படிப் பயன்படுத்துகிறோம்? "கமுக்கமாகக் காரியத்தை முடித்துவிட்டான்", "ஒன்றும் தெரியாதவள் போலக் கமுக்கமாக இருந்தாள்." இரண்டிலும் பிறர் அறியாமல் தன் காரியத்தைப் பார்த்துக்கொள்ளும் சாயல் இருக்கிறது. சட்டம் அனுமதிக்கும் ஒரு பாதுகாப்புக்கு அந்தப் பெயரை வைத்தால், முறையாக அதைக் கோருகிறவரும் கள்ளத்தனம் செய்கிறவர்போலத் தோன்றுவார். அது அநியாயம். மேலும், கமுக்கமாக இருப்பது ஒருவரின் நடத்தை. கமுக்கத்தை ஒருவர் இன்னொருவரிடம் ஒப்படைத்தார் என்று எந்தத் தமிழரும் சொல்வதில்லை. சொல் தூய்மையாக இருப்பதற்காகப் பொருளைத் திரிக்கச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். 'மறை' இன்னும் தூய்மையானது, பழமையானது. குறள் 1076 'கேட்ட மறை' என்று பிறர் நம்பிச் சொன்னதையே குறிக்கிறது. ஆனால் 'வணிக மறை' என்று இன்று எழுதினால் வேதம் என்றே பலர் படிப்பார்கள்.

'மந்தணம்' நம் அலுவலகங்களில் ஏற்கெனவே புழங்குகிறது. கோப்பின் மேலட்டையில் சிவப்பு மையில் அந்தச் சொல்லைப் பார்த்திருப்போம். மந்தண அறிக்கை என்றால் அரசு ஊழியர் எவருக்கும் விளங்கும். வடமொழி 'மந்த்ரண' என்பதோடு அதைத் தொடர்புபடுத்துவார்கள். கலந்தாலோசித்தல் என்று பொருள். எனக்கு அந்தத் தொடர்பு குறையாகத் தோன்றவில்லை. ஆலோசனைக்கு இருவராவது வேண்டும். சிலருக்குள் சொல்லப்பட்டு அவர்கள் அளவில் நிற்பது என்ற பொருள் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. காலவரம்புக்கும் அது இடம்கொடுக்கும். மின் கொள்முதலுக்கான ஒப்பந்தப்புள்ளிகளைப் பாருங்கள்: உறை திறக்கும்வரை விலைப்புள்ளி மந்தணம்; ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு, வென்றவரின் பெயரையும் விலையையும் வலைத்தளத்தில் குறைந்தது 30 நாட்கள் வெளியிட வேண்டும் என்று ஒன்றிய அரசின் 2005ஆம் ஆண்டு ஏல வழிகாட்டு நெறிகள் சொல்லின. நேற்று மந்தணம், இன்று வெளிப்படை என்று இயல்பாகச் சொல்ல முடிகிறது.

ஆகவே கமர்ஷியல் கான்ஃபிடன்ஸ் என்பதற்கு வணிக மந்தணம். டிரேட் சீக்ரெட் என்பதற்குத் தொழில் இரகசியம். மந்தணம் கோருதல், மந்தணம் நீக்குதல், மந்தணப் பகுதி மறைத்த படி என்று வேண்டிய தொடர்களெல்லாம் சிரமமின்றி வரும்.

மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்கு உள்ள வருத்தம், அகராதியின் முதல் பொருளோடு நின்றுவிடுகிறார்கள் என்பதுதான். சட்டப் பிரிவைத் திறந்து பக்கத்தில் என்ன சொல் இருக்கிறது என்று பார்த்திருந்தாலே இந்தக் குழப்பம் வந்திராது. என் கேள்விக்கான விடை இப்படி வந்திருக்க வேண்டும்: "நிலக்கரிக் கப்பல் வாடகை விவரம், இன்ன தேதியிட்ட ஒப்பந்தத்தின் இன்ன பிரிவின்படி, இன்ன நிறுவனம் எங்களிடம் மந்தணமாக ஒப்படைத்தது, அடுத்த ஒப்பந்தப்புள்ளி திறக்கும் நாள்வரை அதை வெளியிடுவது அந்நிறுவனத்தின் போட்டி நிலைக்கு இன்ன வகையில் தீங்கு செய்யும், வாடகை விகிதம் மட்டும் மறைக்கப்பட்ட படி இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது."